முகப்புப் படத்தின் பழைய வழக்கு

இணையதளத்தின் முகப்புப் படம் அழகுக்கானது, அதை எல்லோரும் அணுகும்படி செய்வது வீண்சுமை என்ற வாதம் புதிதல்ல. படங்களுக்கு அவற்றை விவரிக்கும் மாற்று உரை இல்லாததால் சிட்னி ஒலிம்பிக் தளத்தைப் படிக்க முடியவில்லை என்று பார்வையற்றவரான ப்ரூஸ் மக்வயர் முறையிட்டபோது, அமைப்புக் குழு செலவைத்தான் காரணம் காட்டியது. ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்காமல் 2000இல் 20,000 டாலர் இழப்பீடு விதித்தது. நியாயமான தீர்ப்பு. மாற்று உரைக்கான வசதி 1995இன் எச்டிஎம்எல் 2.0 வரையறையிலேயே இருந்தது. 1999இன் இணைய அணுகல் நெறிமுறை அதை முதல் விதியாகவே வைத்தது. தொடக்கத்திலேயே செய்திருந்தால் சிறு வேலை. பின்னால் ஒட்டுப்போடும்போதுதான் செலவு ஏறுகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளிவேறுபாடு வேண்டும் என்ற 2008இன் இணைய அணுகல் நெறிமுறையால், மேலே எழுத்து வரும் முகப்புப் படத்தின் அழகு கெடும் என்பாரும் உண்டு. ஆனால் முகப்பில் வரும் பெரிய எழுத்துக்கு 3:1 போதும். எழுத்தின் பின்னே மெல்லிய இருள்படலம் விரித்தாலே பெரும்பாலும் அதை எட்டிவிடலாம்.