கால்பந்தும் அதன் சட்டங்களும்

கால்பந்தைப் பற்றிப் பேச முற்படும்போது என் நினைவு முதலில் செல்வது லண்டன் மாநகருக்கு அன்று; நம் தாமிரபரணியின் குறுக்குத்துறை மணலுக்கே செல்கிறது. வேனிற்காலத்தில் ஆறு ஒருபுறமாக ஒதுங்கி ஓட, மறுபுறம் விரிந்து கிடந்த மணலே எங்கள் ஆடுகளம். கழற்றிச் சுருட்டி வைத்த சட்டைகளே கோல் கம்பங்கள். காலணி ஒருவருக்கும் கிடையாது, நடுவரும் கிடையாது.

ஒருநாள் பொழுது சாயும் வேளையில் நான் உதைத்த பந்து, இரு சட்டைக் குவியல்களுக்கும் நடுவே உயரப் பறந்து சென்றது. "கோல்!" என்று கூவினேன். "அது எப்படில கோல் ஆகும்? தலைக்கு மேலல்லா போயிட்டு!" என்றான் எதிரணியில் நின்ற என் உயிர்த்தோழன். சொல் தடித்தது, சினம் மிகுந்தது. நான் அவன் கணைக்காலில் ஓங்கி உதைத்துவிட்டேன். அவன் ஒரு சொல்லும் பேசாமல், நொண்டியபடியே படித்துறை ஏறிப் போனதை இன்றளவும் என்னால் மறக்க இயலவில்லை.

மறுநாள் செய்தி எங்கள் தேகப்பயிற்சி ஆசிரியரின் செவிக்கு எட்டியது. அவர் பிரம்பை எடுக்கவில்லை. மாலையில் ஆற்றுக்கே வந்து, மணலில் இரண்டு மூங்கில்களை நடச் செய்து, எட்டடி உயரத்தில் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார். "நீங்கள் நேற்றுப் போட்ட சண்டையை இங்கிலாந்துக்காரர்கள் உங்களுக்கு முன்பே போட்டுத் தீர்த்துவிட்டார்கள்" என்றார். அன்று அவர் சொல்லத் தொடங்கிய வரலாற்றைப் பிற்காலத்தில் நான் நூல்களில் தேடிக் கற்றேன்.

பந்தைக் காலால் உதைத்து ஆடுதல் எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று. சீனத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே 'சுஜு' என்னும் பந்தாட்டம் இருந்தது. ஆயினும், இன்று நாம் ஆடும் ஆட்டத்துக்குச் சட்டம் வகுத்த நாடு இங்கிலாந்து. அங்கே முன்னாளில் பள்ளிக்கொரு முறை வழங்கிற்று. ஓரிடத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், மற்றோரிடத்தில் கூடாது. இவ்வேறுபாட்டைப் போக்கக் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 1848-இல் ஒரு பொதுவிதி இயற்றினர். பின்னர் 1863 அக்டோபர் 26-ஆம் நாள் லண்டனில் உள்ள ஒரு விடுதியில் பல சங்கங்களின் பிரதிநிதிகள் கூடிக் கால்பந்துக் கழகத்தை நிறுவினர். எபனேசர் காப் மார்லி என்னும் வழக்கறிஞர் அதன் முதற் செயலாளரானார்.

அக்கூட்டங்களில் எழுந்த பெரிய வழக்கு எது தெரியுமா? எதிரியின் கணைக்காலில் உதைக்கலாமா, கூடாதா என்பதே! உதையை நீக்கினால் ஆட்டத்தில் வீரமே இராது என்று ஒரு சாரார் வாதிட்டனர். உதையும், பந்தை ஏந்தி ஓடுதலும் விலக்கப்பட்டபோது பிளாக்ஹீத் சங்கத்தார் வெளியேறினர். அவர்களும் அவர்களை ஒத்த கருத்துடையோரும் 1871-இல் ரக்பி ஆட்டத்துக்கெனத் தனிக் கழகம் கண்டனர். எஞ்சியவர்கள் ஏற்ற சட்டங்கள் பதின்மூன்று. காலணியின் அடியில் துருத்தும் ஆணியோ இரும்புத் தகடோ கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

அச்சட்டங்களின்படி, கம்பங்களுக்கு நடுவே எவ்வளவு உயரத்தில் பந்து சென்றாலும் கோல்தான். அஃதாவது, 1863-இல் நான் ஆடியிருந்தால் வெற்றி என்னுடையது! 1866-இல் எட்டடி உயரத்தில் குறுக்கே ஒரு நாடாவைக் கட்டினர்; 1882-இல் குறுக்குக் கட்டை கட்டாயமாயிற்று. என் தோழனின் கட்சியே நின்று நிலைத்தது.

இவ்வாறே ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு வழக்கு உண்டு. கோல் விழும் தறுவாயில் வேண்டுமென்றே தவறு செய்து தடுப்போரை அடக்க, வில்லியம் மெக்ரம் என்ற அயர்லாந்துக் கோல் காவலர் பெனால்டி உதையைக் கூறினார். 1891-இல் அது சட்டமாயிற்று. எதிரியின் கோலருகிலேயே ஒருவன் காத்து நின்று பந்தைப் பெறுவது முறையன்று என்பதால் ஆப்சைடு விதி எழுந்தது. பந்து தன்னை நோக்கி ஆடப்படும் கணத்தில், எதிரியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசி இருவரில் முன்நிற்பவரையும் கடந்து ஒருவன் நின்று ஆட்டத்தில் ஈடுபட்டால் அது குற்றம். முதலில் மூவர் என்றிருந்த கணக்கு 1925-இல் இருவர் என்று குறைந்தது.

மற்ற விதிகள் எளியவை. அணிக்குப் பதினொருவர், அவருள் ஒருவர் கோல் காவலர். தம் பெனால்டி எல்லைக்குள் அவர் மட்டுமே பந்தைக் கையாளலாம். ஆட்டம் 45 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகள். கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல்.

ஆங்கிலப் படைகளோடும் பள்ளிகளோடும் இவ்வாட்டம் நம் நாட்டை அடைந்தது. 1911 ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில், மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வணியின் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலினர். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். பிரான்ஸுக்கு எதிராகச் சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தார். இரு பெனால்டிகள் வீணாகி, 2-1 என்று தோற்றோம். அடிமை நாட்டார் ஆள்வோரை வெல்ல முடிந்தது ஏன்? களத்தில் இருசாரார்க்கும் சட்டம் ஒன்றே என்பதனால் அன்றோ? இன்று காலணி கட்டாயம்; அதுவும் இருசாரார்க்கும் ஒன்றே.

குறுக்குத்துறைக்கு மீள்வோம். கால் வீங்கியிருந்த என் தோழனை ஆசிரியர் அன்று நடுவராக்கி, அவன் கையில் விசிலைக் கொடுத்தார். சிறிது நேரத்தில் நான் ஒருவனைத் தள்ளிவிட்டேன். விசில் ஒலித்தது. நான் வாதாடவில்லை, பந்தை எடுத்து அவன் காட்டிய இடத்தில் வைத்துவிட்டு விலகி நின்றேன். இருள் கவிந்த பின் இருவரும் ஒன்றாகவே படித்துறை ஏறினோம்.