எலுமிச்சைச் சாறும் கப்பல் தொழிலாளரும்

1740ஆம் ஆண்டில் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி பசிபிக் கடலை நோக்கிப் புறப்பட்டபோது அவருடைய கப்பல்களில் ஏறத்தாழ 1,900 பேர் இருந்தனர். 1744இல் அவருடைய கப்பலில் ஊர் திரும்பியவர்களோ, அவர்களுள் இருநூறு பேருக்கும் குறைவு. பகைவரின் பீரங்கிக்கு இரையானவர் மிகச் சிலரே. பெரும்பாலோரை நோய்களே கொண்டுபோயின. அவற்றுள் கொடியது ஸ்கர்வி. மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே உண்டவனுக்கு ஈறுகள் வீங்கும், பற்கள் ஆடும், என்றோ ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறக்கும்.

1747ஆம் ஆண்டு மே மாதம், 'சாலிஸ்பரி' என்ற போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் வைத்தியர் நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்தார். ஓர் இணைக்குக் காடி, மற்றோர் இணைக்குக் கடல் நீர் என்று ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து தந்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவர் மட்டுமே விரைவில் தேறினர். ஆறே நாளில் கப்பலிலிருந்த பழம் தீர்ந்துவிட்டது. ஆயினும் அதற்குள் ஒருவன் வேலைக்குத் திரும்பிவிட்டான்!

லிண்டின் நூல் 1753இல் வெளிவந்தது. எனினும் மாலுமியின் கைக்குச் சாறு வந்து சேரவில்லை. லிண்டின் மேலும் சிறிது பிழை உண்டு. நெடுநாள் கெடாதிருக்கச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி வைக்கலாம் என்றார் அவர். இன்று நாம் வைட்டமின் சி என்று அழைக்கும் சத்து வெப்பத்தால் அழியும் என்பதை அக்காலத்தில் எவரும் அறியார். அதிகாரிகளோ மலிவான வேறு மருந்துகளை நம்பியிருந்தனர். கப்பலில் உயிர் விட்டவனுக்குக் கப்பற்படை அலுவலகத்தில் குரல் ஏது?

முடிவில் வழி காட்டிய பயணம் நம் சென்னையில் வந்து நின்றது. 1794இல் 'சபோக்' என்ற கப்பல் இருபத்து மூன்று வாரம் கரை தொடாமல் இங்கே வந்து சேர்ந்தது. அதன் மாலுமிகளுக்கு நாள்தோறும் எலுமிச்சைச் சாறு தரப்பட்டிருந்தது. ஸ்கர்வியால் ஒருவரும் மாளவில்லை. மறு ஆண்டே, கில்பர்ட் பிளேன் முதலிய வைத்தியர்களின் வற்புறுத்தலால், கப்பற்படை முழுவதற்கும் சாறு வழங்க உத்தரவாயிற்று.

சரக்குக் கப்பலின் கூலி மாலுமிக்கு இந்த உத்தரவு பொருந்தாது. அவனுடைய உணவுச் செலவு முதலாளியின் கணக்கில் ஏறுவது. 1844இல் பிரிட்டிஷ் சட்டம் சாறு கட்டாயம் என்றது. அப்போதும் கலப்படமான சரக்கைப் புட்டியில் அடைத்துக் கொடுத்தவர் பலர். அரசின் பரிசோதகர் பார்த்துத் தேர்ந்த சாற்றையே கப்பலில் ஏற்ற வேண்டும் என்ற விதி 1867இல்தான் வந்தது. லிண்டின் சோதனை நடந்து அப்போது 120 ஆண்டுகள் கழிந்திருந்தன.