கொங்கு நாட்டில் நொச்சியிலையும் முடக்குவாத ஆய்வும்

நொச்சி ஆற்றங்கரைகளிலும் வேலியோரங்களிலும் புதராக வளரும் செடி. சங்க காலத்தில் மதில் காத்த வீரர் சூடிய பூ இதனுடையதே. அப்போருக்குரிய திணையும் நொச்சி என்றே பெயர் பெற்றது. கொங்கு நாட்டு ஊர்களில் இதன் பயன் அன்றாட வாழ்வைச் சார்ந்தது. மிளாறுகளால் கூடை முடைவர். தானியத்தோடு இலையை இட்டு வைத்தால் பூச்சி அண்டாது என்பர். தலைபாரத்துக்கு ஆவி பிடிப்பர். மூட்டு வீங்கினால் இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பர். கேரள வைத்தியர் இதையே இலைக்கிழி என அழைப்பர்.

பி. வி. ராம வாரியர் 1943இல் கோயம்புத்தூரில் ஆரிய வைத்திய பார்மசியை நிறுவினார். அங்கு 1977இல் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் ஒத்துழைப்போடு முடக்குவாத ஆய்வு தொடங்கியது. அடிப்படைச் சிக்கல் ஒன்று இருந்தது. ஆயுர்வேதம் ஆளுக்கு ஆள் மருந்தை மாற்றும்; நவீன ஆய்வோ அனைவருக்கும் ஒரே மருந்தைக் கேட்கும். கஷாயத்தின் கசப்பை நோயாளியிடம் மறைப்பதும் எளிதன்று!

அமெரிக்க அரசு நிதியுடன் பின்னர் நடந்த ஆய்வு இதற்கு வழி கண்டது. வைத்தியர் நோயாளிக்கேற்ப மருந்து எழுதலாம்; ஆனால் கஷாயத்துக்கும் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் போலி மருந்துகள் தயாரிக்கப்பட்டதால், யாருக்கு எது உண்மையானது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. 43 பேர், 36 வாரங்கள். 2011இல் வெளியான முடிவின்படி ஆயுர்வேதம், மெத்தோட்ரெக்சேட், இரண்டும் சேர்ந்தது ஆகிய மூன்று பிரிவுகளிலும் பலன் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. இது சிறிய முன்னோட்ட ஆய்வு மட்டுமே.

இதை நொச்சியின் வெற்றியாகக் கொள்வது பொருந்தாது. சோதிக்கப்பட்டது பல மூலிகைகள் கலந்த முழுச் சிகிச்சை. முடக்குவாதத்தில் வீக்கம் வற்றிய பின்னும் எலும்பு அரிபடக்கூடும் என்பதால், ஒத்தடத்தை நம்பி மாத்திரையைத் தாமாக நிறுத்துவோருக்கு இவ்வேறுபாடு மிக முக்கியம்.

இலையைத் தனியே சோதித்தவர்கள் இலங்கை ஆய்வாளர்கள். முற்றிய பச்சையிலைகளின் நீர்ச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தபோது பாத வீக்கம் குறைந்ததாக 2003இல் எழுதினர். புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தி தடைபடுவது ஒரு காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. ஆஸ்பிரின் செயல்படுவதும் இவ்வழியில்தான் என்று ஜான் வேன் 1971இல் காட்டியிருந்தார்.