ஐம்பத்தேழு நாளும் பக்கத்தில் இருந்தது யார்?

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டை ஏறி இறங்குவதோடு திரும்பிவிடுவார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே திருநாதர் குன்று இருக்கிறது. அங்கே ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டும் உண்டு. தமிழில் 'ஐ' என்ற எழுத்து முதலில் கிடைப்பது இந்தக் கல்வெட்டில்தான் என்று படித்திருப்பீர்கள்.

அந்த 'ஐ' வருகிற சொல் எது தெரியுமா? 'ஐம்பத்தேழு'. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதன் நினைவுக் கல்வெட்டு அது.

சரி, அந்த 57 நாளும் அவர் பக்கத்தில் யார் இருந்தார்கள்? கல்வெட்டில் அது இல்லை. ஆனால் வழக்கம் என்ன என்பதைப் 'பகவதி ஆராதனை' என்ற பழைய சமண நூல் சொல்கிறது. இப்படி நோன்பிருப்பவருக்குத் துணையாக இருப்பவர்களுக்கு நிர்யாபகர் என்று பெயர். மொத்தம் 48 பேர் வேண்டுமாம். சிலர் தாங்கிப் பிடித்துப் புரட்டிப் படுக்க வைப்பார்கள், சிலர் கழிவை அகற்றுவார்கள், சிலர் வாசலில் காவல் இருப்பார்கள். மனம் கலங்காதபடி அறம் சொல்வதற்கென்றே சிலர். அத்தனை பேர் கிடைக்காவிட்டாலும் ஒரே ஆளாக மட்டும் இருக்கக்கூடாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்கிறது நூல். உடம்பைப் பார்ப்பதும் மனதைப் பார்ப்பதும் ஒரே வேலையாக இருந்திருக்கிறது.

இன்று வெளிநாட்டு மருத்துவமனைகளில் இதில் மனதைப் பார்க்கும் பாதியைச் செய்பவருக்கு சாப்ளின் என்று பெயர். நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் இதற்கென்று ஒரு துறை இருக்கிறது. இந்த வேலையை ஒரு முறையான பயிற்சியாக 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன் என்ற பாஸ்டர். 1920இல் அவரே மனநோயாளியாக மருத்துவமனையில் இருந்தவர். புத்தகத்தைப் படிப்பது போல நோயாளியையும் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதாவது முதலில் கேட்க வேண்டும், பிறகுதான் பேச்சு.

ஒரு வித்தியாசம் உண்டு. சந்திரநந்திக்குத் துணை இருந்தவர்கள் அவருடைய மதத்தவராகவே இருந்திருப்பார்கள். இன்றைய சாப்ளினுக்கு அந்த வசதி இல்லை. செஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயில், 1717-18இல் கட்டிய சாதத்துல்லாகான் மசூதி, பக்கத்து மேல்சித்தாமூரில் சமண மடம். இந்த ஊர்க்காரர்கள் ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தால்? ஒருவருக்கு விபூதி, ஒருவருக்கு கலிமா, ஒருவருக்கு மௌனம். தன் மதத்தை அடுத்தவர் மேல் திணிக்காமல், அவரவருக்கு வேண்டியதை வரவழைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. நோயாளி பலவீனமாக இருக்கும் நேரத்தில் பிரசாரம் செய்வதுபோலத் தப்பு வேறு இல்லை.

நம்மூரில் இதையெல்லாம் வீட்டு மனிதர்களே செய்துவிடுகிறார்கள் என்று சொல்லலாம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் காலத்தில், ஐ.சி.யூ. கதவு மூடிய பிறகு, உள்ளே யார் இருக்கிறார்கள்?

திருநாதர் குன்றுக்குப் போனால் அந்த 'ஐ'யைப் பாருங்கள். குறைந்தது இரண்டு பேர் என்ற கணக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.