சர்க்கி தாத்ரி: திருப்பிச் சொன்னாங்க, ஆனா...

மக்களே, இந்தப் பதிவு கொஞ்சம் சீரியஸ்.

சினிமால வர்ற மாதிரி விமானி வெறுமனே 'ரோஜர், ரோஜர்'னு சொன்னா தரையில் இருக்கற கண்ட்ரோலர் விடமாட்டார். ரோஜர்னா 'நீங்க சொன்னது முழுசா கேட்டுச்சு', அவ்வளவுதான் அர்த்தம். உயரம், திசை, வேகம், ஓடுபாதை இதையெல்லாம் விமானி அப்படியே திருப்பிச் சொல்லி, விமானத்தோட அழைப்புப் பெயரையும் சேர்க்கணும். தப்புன்னா கண்ட்ரோலர் உடனே திருத்தணும். இதுதான் ரீட்பேக். நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, வெறும் அக்னாலட்ஜ்மெண்ட் பத்தாது; அனுப்பின டேட்டாவே திரும்பி வந்து ஒத்துப்போகணும்.

இந்த விதிகள் சும்மா வரலை. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. 'டேக்-ஆஃப்' பத்தி விமானி சொன்னதை, அவர் கிளம்பத் தயாரா நிக்கறார்னு கண்ட்ரோலர் எடுத்துக்கிட்டார். நிஜத்துல விமானம் ஓட ஆரம்பிச்சிருந்தது. பனிமூட்டத்துல ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் இறந்தாங்க. புறப்பட அனுமதி கொடுக்கறப்போ, ரத்து பண்றப்போ தவிர அந்த வார்த்தையையே உச்சரிக்கக் கூடாதுன்னு அப்புறம் விதி வந்துச்சு.

இப்ப நம்ம நாட்டுக் கதை. 1996 நவம்பர் 12 மாலை. டெல்லியிலிருந்து கிளம்பின சவுதி போயிங் 747-ஐ 14,000 அடியில் நிக்கச் சொன்னாங்க. எதிரே இறங்கி வந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76-க்கு 15,000 அடி. நடுவுல 1,000 அடி இடைவெளி. எதிரே 747 வருதுன்னும் கண்ட்ரோலர் எச்சரிச்சார். கஜக் விமானத்திலிருந்து பதிலும் வந்துச்சு. ஆனா விமானம் 15,000-ல நிக்காம இறங்கிடுச்சு. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல ரெண்டும் மோதி 349 பேர் இறந்தாங்க. சவுதிக்குப் பிழைக்கப் போன நம்மாளுங்கதான் அதுல நிறைய.

எங்கே அறுந்தது? ரேடியோல பேசினவர் ஒருத்தர், ஓட்டினவர் வேற ஒருத்தர். பேசின ரேடியோ ஆபரேட்டருக்குத் தனியா உயரமானி கிடையாது. விமானிகளோட தோளுக்கு மேல எட்டித்தான் பார்க்கணும். ஆங்கிலத்திலும் அந்தக் குழுவுக்குத் தடுமாற்றம். டெல்லியில் அப்ப இருந்த ரேடார் உயரத்தைக் காட்டாது. அதனால விமானி சொல்ற உயரம்தான் கண்ட்ரோலருக்கு ஒரே ஆதாரம். போதாததுக்கு, வர்றதுக்கும் போறதுக்கும் ஒரே பாதை.

நீதிபதி லகோத்தி கமிஷன் விசாரிச்சது. அப்புறம் வர்ற, போற பாதைகளைப் பிரிச்சாங்க. உயரம் காட்டற ரேடார் வந்துச்சு. பக்கத்துல வேற விமானம் வந்தா எச்சரிக்கிற டிகாஸ் கருவியைக் கட்டாயமாக்கினாங்க. சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத் தேர்ச்சியும் 2008-லிருந்து உலக விதி.

இன்னைக்கு எங்க அனுப்பம்பட்டு மேல ஃப்ளைட் போறதைப் பார்த்தா எனக்குத் தோணறது இதுதான்: வாய் சொன்னதைக் கை செய்யுதான்னு பார்க்க இன்னொரு கண் வேணும். அதை 349 உயிரைக் கொடுத்துக் கத்துக்கிட்டோம்.