கான் சாகிபு போரின் கையொப்பச் சான்றுகள்: கம்பம் பள்ளத்தாக்கை நோக்கிய சில குறிப்புகள்

உள்நாட்டுப் போர்க்காலத்துப் படைத்தலைவர்கள் கையொப்பமிட்ட ஆணைகளையும் கடிதங்களையும் தேடித் தொகுக்கும் வழக்கம் மேனாடுகளில் நெடுங்காலமாக நிலவுகின்றது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதியரான லீ, கிராண்ட் ஆகியோர் கையொப்பமுடைய தாள்கள் இன்றும் ஏலத்தில் விற்கப்படுகின்றன. அங்குத் தாளின் விலையைப் பெரிதும் உறுதி செய்வது கையொப்பமே. தமிழகத்துப் போர்ச் சான்றுகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

போரின் இயல்பு

யூசுப்கான் என்னும் கான் சாகிபு கும்பினியின் சிப்பாய்ப் படைகளுக்குத் தலைவராக விளங்கியவர். 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகைக்குப் பெற்றார். 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்கும் கும்பினிக்கும் எதிராக எழுந்து, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நீண்ட முற்றுகைக்குப்பின் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15ஆம் நாள் தூக்கிலிடப்பெற்றார். அவர் முன்னர்த் தலைமை தாங்கிய சிப்பாய்ப் படையே அவரை எதிர்த்து நின்றமையால் இதனை ஒருவகை உள்நாட்டுப் போர் எனல் தகும்.

அவர் உடல் பல கூறாக்கப்பட்டுத் தலை திருச்சிராப்பள்ளிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால்கள் பெரியகுளத்துக்கும் தஞ்சைக்கும் அனுப்பப்பெற்றன என்பது செவிவழிச் செய்தி. எஞ்சிய உடல் அடக்கமான சம்மட்டிபுரத்தில், மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையை ஒட்டி, 1808இல் பள்ளிவாசல் எழுந்தது. போர் மதுரையில் முடிந்தது. அதன் நினைவோ மேற்கே பெரியகுளம் வரை பரந்தது.

சான்றுகளின் நிலை

உடல் சிதறியது போன்றே சான்றுகளும் சிதறின. சென்னைக் கவுன்சிலின் படைத்துறை நடவடிக்கை ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1909இல் சென்னை ஆவண அலுவலகமாக அமைந்த இந்நிறுவனமே 1973இல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்றது. கும்பினியின் வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் தொகுத்த கையெழுத்துப் படிகள் இலண்டனில் உள்ளன. இத்தகைய சான்றுகளைக் கொண்டே எஸ். சி. ஹில் 1914இல் யூசுப்கான் வரலாற்றை நூலாக்கினார். மக்கள் வாய்மொழியில் வழங்கிய ‘கான்சாகிபு சண்டை’ நா. வானமாமலை பதிப்பில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக 1972இல் வந்தது.

இங்கு ஓர் உண்மையை உற்றுநோக்க வேண்டும். நாட்டு மன்னரும் தலைவரும் பாரசீகத்தில் விடுத்த கடிதங்களைக் கும்பினியார் ஆங்கிலத்தில் பெயர்த்து ஏட்டில் படியெடுத்துக் கொண்டனர். நாம் இன்று பெரிதும் படிப்பது அப்படிகளையே. மூல ஒப்பம் அவற்றில் இல்லை. எனினும் நாள், வரிசை, கடிதத்துக்குக் கிடைத்த மறுமொழி ஆகியன ஒருங்கே நிற்றலால் அவை வலிய சான்றாகின்றன.

1801 சூன் 16ஆம் நாளிட்ட மருது பாண்டியரின் திருச்சிராப்பள்ளிப் பேரறிக்கையும் இத்தகையதே. கோட்டை வாயிலிலும் திருவரங்கத்து மதிலிலும் ஒட்டப்பெற்ற அவ்வறிக்கை மருது பாண்டியர் ஒப்பத்தோடு முடிவது. ஆனால் ஆய்வாளர் எடுத்தாள்வது கும்பினி ஆவணங்களில் நின்ற ஆங்கில வடிவத்தையே. ஒப்பமில்லாப் படி வரலாற்றைக் காத்தது என்பது ஒருபுறம். தமிழர் தம் போர்க்குரலைப் பகைவர் மொழி வழியே கேட்க நேர்ந்தது என்பது மறுபுறம். மூலத்தைத் தேட வேண்டிய கடமை இவ்விரண்டாவதனாலேயே எழுகின்றது.

ஒப்பம் என்பது யாது?

பாரசீகக் கடிதத்தில் அனுப்புவோர் பெயர் பொறித்த முத்திரையே ஒப்பத்தின் இடத்தைப் பெறும். தமிழ் ஆவணங்களிலோ கைந்நாட்டு, எழுத்தறியாதார் இடும் கீறல், சாட்சிகளின் ஒப்பம், எழுதினவன் பெயர் ஆகிய பலவும் சேர்ந்தே உறுதிப்பாட்டைத் தருவன. ஆகவே ஒருவர் கையெழுத்தை மட்டும் தேடும் மேனாட்டு முறை இங்கு முழுதும் பொருந்தாது. கட்டிலிருந்து உருவப்பட்ட ஒற்றைத் தாள் தன் சாட்சிகளை இழந்த வழக்குப் போன்றது.

பள்ளத்தாக்கின் ஆவணங்கள்

1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்த தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், கோம்பை முதலிய பழைய பாளையங்கள் உள்ளன. இவை திண்டுக்கல் சீமையைச் சார்ந்தவை. அச்சீமை நெடுங்காலம் மைசூர் ஆட்சியில் இருந்து, 1792 மார்ச்சு 18ஆம் நாள் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினிக்கு வந்தது. மைசூர் அலுவலில் கன்னடம், மராத்தி, பாரசீகம் ஆகியன வழங்கின. பள்ளத்தாக்கு மக்களோ தமிழுடன் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர். எனவே இங்குள்ள இல்லங்களில் பழைய ஓலைக்கட்டோ தாட்கட்டோ கிடைப்பின், தமிழ் மட்டும் அறிந்தார் அதன் முழுப்பொருளையும் காண இயலாது. படிக்க இயலாத ஏடுகள் பயனற்றவை எனக் கழிக்கப்படும் இடர் இதனால் மிகுதி.

முடிவுரை

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டுக்குக் குறையாத வரலாற்று மதிப்புடைய ஆவணமும் தொல்பொருளே. தனியார் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்புதல் கூடாது. ஆனால் உள்ளூரில் கட்டுப் பிரிந்து பல கைகளுக்குச் செல்வதைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. களப்பணிக்குச் செல்லும் முதுகலை மாணவர் ஆவணத்தைக் கண்டவிடத்து, யாருடைய இல்லம், எக்கட்டில் எத்தனையாவது ஏடு, ஓலையா தாளா, எழுத்து எது, முத்திரையும் கீறலும் எவ்விடத்தன என்பனவற்றை முதலில் குறித்தல் வேண்டும். பின்னர் இருபுறமும் படமெடுத்து, கட்டினைக் குலைக்காது உரியவரிடமே ஒப்படைத்தல் வேண்டும். அவர் விரும்பின் காப்பகத்தில் சேர்க்க வழிகாட்டலாம். கையொப்பத்தைத் தொகுப்பவர் ஒரு பெயரைப் பெறுவர். கட்டினைக் காப்பவரோ அப்பெயருக்குரிய காலத்தையே பெறுவர் என்பது எம் கருத்து.