எறும்பு முதல் உணரி வரை: சீனியை அளந்த கதை

மலேசியத் தமிழர்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயர் ‘இனிப்பு நீர்’. மலாய் மொழியிலும் அதே பொருள்தான்: கென்சிங் மானிஸ். நம்முடைய பழைய வைத்தியர்கள் மதுமேகம் என்றார்கள். மது என்றால் தேன். மூன்று பெயர்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. உடம்புக்குள் இருக்கும் சீனியைக் காண மனிதனுக்கு ஒரு காலத்தில் சிறுநீரை விட்டால் வேறு வழியில்லை.

இன்று பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடைக்கு வரும் ஒருவரின் மேல்கையில் ஒரு சிறிய வெள்ளை வில்லை ஒட்டியிருப்பதைக் காணலாம். பத்துக் காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. அதற்குப் பெயர் தொடர் சர்க்கரை உணரி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை உடம்பின் சீனி அளவைக் கைப்பேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எறும்பிலிருந்து இந்த வில்லை வரை வந்து சேர மனித குலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்தப் பயணத்தில் பினாங்குத் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

நாக்குதான் முதல் கருவி

சரகரும் சுஸ்ருதரும் எழுதிய மருத்துவ நூல்கள், தேன்போன்ற சிறுநீரைப் பற்றியும் அதை நாடி எறும்பு மொய்ப்பதைப் பற்றியும் பேசுகின்றன. ஒல்லியான இளையவருக்கு வருவது ஒரு வகை, பருத்த பெரியவருக்கு வருவது இன்னொரு வகை என்றுகூடப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இன்று முதல் வகை, இரண்டாம் வகை என்கிறோமே, அதன் சாயல் அப்போதே தெரிகிறது.

ஐரோப்பாவில் 1674ஆம் ஆண்டு தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீர் இனிக்கிறது என்று எழுதினார். நாவால் சுவைத்துத்தான் எழுதினார். 1776இல் லிவர்பூலைச் சேர்ந்த மேத்யூ டாப்சன், அந்த நீரைக் காய்ச்சி வற்றவைத்து, மிஞ்சிய பொருள் சீனிதான் என்று காட்டினார். இரத்தத்திலும் இனிப்பு இருக்கிறது என்பதை அவரே கண்டு சொன்னார்.

1908இல் பெனடிக்ட் என்ற அமெரிக்க வேதியியலர் ஒரு நீல நிறக் கரைசலைத் தந்தார். சில துளி சிறுநீரை அதில் விட்டுச் சூடாக்கினால் சீனியின் அளவுக்கேற்ப நிறம் மாறும். பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் என்றால் மிக அதிகம். 1922இல் கனடாவின் டொரண்டோ நகரில் முதல் இன்சுலின் ஊசி ஒரு 14 வயதுச் சிறுவனுக்குப் போடப்பட்டது. உயிர் காக்கும் மருந்து வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு போடுவது என்று சொல்லும் அளவுகோல் மட்டும் இன்னும் அந்த நீலக் கரைசலாகவே இருந்தது.

தமிழகத்தில் 1948ஆம் ஆண்டு சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் மு. விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். அந்த நாளிலும் வீட்டில் இருந்தபடி தன் இரத்தச் சீனியை அறிய ஒரு நோயாளிக்கு வழி கிடையாது.

கருவியை நோயாளியிடம் கொடுக்கலாமா?

1965இல் ஒரு துளி இரத்தத்தை வைத்து நிறம் பார்க்கும் பட்டை வந்தது. 1970இல் அந்த நிறத்தைப் படித்து எண்ணாகக் காட்டும் மின்கருவி வந்தது. எடை ஒரு கிலோவுக்கு மேல். அதை மருத்துவர்களுக்கு மட்டுமே விற்றார்கள். நோயாளியின் கையில் கொடுத்தால் குழம்பிப்போவார், தவறாக மருந்து போட்டுக்கொள்வார் என்பது அன்றைய எண்ணம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்று ஒரு பொறியாளர். 12 வயதிலிருந்து நீரிழிவு. சீனி திடீரென்று இறங்கி மயங்கும் தொல்லை அவருக்கு அடிக்கடி இருந்தது. கருவியை அவருக்கு விற்க மறுத்தார்கள். அவர் மனைவி மருத்துவர். ஆகவே மனைவியின் பெயரில் வாங்கினார். ஒரு நாளைக்குப் பல முறை அளந்தார், சாப்பாட்டை மாற்றினார், ஊசியின் அளவை மாற்றினார், உடம்பு தேறியது. தான் கண்டதை எழுதினால் மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. என்ன செய்தார்? நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தானே மருத்துவரானார். 2025இல் தம் 90ஆவது வயதில் மறைந்தார். விரல் நுனியில் ஊசி குத்தி வீட்டில் சீனி பார்க்கும் ஒவ்வொருவரும் இவரைப் போன்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதே கதை மீண்டும் நடந்தது. 1962இல் லேலண்ட் கிளார்க் என்ற ஆய்வாளர், ஒரு நொதியை மின்முனையோடு சேர்த்தால் சீனியின் அளவு மின்னோட்டமாக வெளிப்படும் என்ற வழியைக் காட்டினார். அதன் வழி வந்த முதல் தொடர் உணரிக்கு 1999இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மூன்று நாள் உடம்பில் இருக்கும். ஆனால் அணிந்திருப்பவர் எண்ணைப் பார்க்க முடியாது! மூன்று நாள் கழித்து மருத்துவர்தான் பார்ப்பார். நோயாளி தானே உடனுக்குடன் பார்க்கும் உணரிகள் 2000களின் நடுவில் பரவின. 2014இல் ஐரோப்பாவில் 14 நாள் தாங்கும், விரல் குத்திச் சரிபார்க்கத் தேவையில்லாத வில்லை வந்தது. 2024இல் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கும் உணரிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சீனியை யார் பார்ப்பது என்ற நெடுநாள் வழக்கில் தீர்ப்பு நோயாளியின் பக்கம் வந்திருக்கிறது.

கரும்பு விளைந்த மண்

இந்தக் கதை பினாங்குக்கு வரும் இடம் பத்து காவான். இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் பெருநிலப் பகுதிக்கு வெள்ளையர் காலத்துப் பெயர் புரோவின்ஸ் வெல்லெஸ்லி. 19ஆம் நூற்றாண்டில் அது கரும்புக்குப் பேர்போனது. பத்து காவானில் சீனர்கள் கரும்பு பயிரிட்டார்கள். 1840களில் ஐரோப்பிய முதலாளிகளும் இறங்கினார்கள். கலிடோனியா, வால்டோர் போன்ற தோட்டங்களின் பெயர்கள் இன்னும் அந்த வட்டாரத்தில் வழங்குகின்றன. கரும்பு வெட்டவும் ஆலையில் சாறு காய்ச்சவும் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு முன்பே நம் மக்கள் வந்து வேர்வை சிந்தியது கரும்புக் காட்டில்தான். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு செம்பனை வந்தது.

இப்போது அங்கே தொழிற்பேட்டை. 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் தீவிலிருந்து நேராகப் பத்து காவானுக்கு இட்டுச் செல்கிறது. தொடர் சர்க்கரை உணரி செய்யும் டெக்ஸ்காம் என்ற அமெரிக்க நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பெரிய தொழிற்சாலையை அங்கேதான் கட்டியது. எண்ணிப் பாருங்கள்: சீனி விளைந்த மண்ணிலிருந்து இன்று சீனியை அளக்கும் கருவி உலகத்துக்குப் போகிறது.

கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும், 2023இல் 15.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் கண்டது. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடமே அது அதிகம். கால் விரலை இழந்தவர், வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகிறவர், கண் மங்கியவர் என்று சொந்தத்தில் ஒருவராவது இல்லாத வீடு குறைவு.

வில்லையோடு வாழும் வாழ்க்கை

உணரி கையில் ஒட்டிக்கொண்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். அதற்கென்று தனிச் சுபாவம் உண்டு.

அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உயிரணுக்களுக்கு இடையே இருக்கும் நீரை. இரத்தத்தில் ஏறிய சீனி அங்கே வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஆகவே விரலில் குத்திப் பார்த்த எண்ணும் வில்லை காட்டும் எண்ணும் ஒன்றாக இல்லையே என்று சண்டை போடுவதில் பயனில்லை. எண்ணைவிட அம்புக்குறி முக்கியம்: ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அது சொல்கிறது. உடம்பு நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆனால் கருவி நலம் என்கிறது என்றால் விரலைக் குத்திப் பார்த்துவிட வேண்டும். ஒட்டிய முதல் நாளில் எண் சற்றுத் தடுமாறும். வில்லை இருக்கும் கைப்பக்கமாகப் புரண்டு படுத்தால், அழுத்தம் பட்டு, இல்லாத தாழ்சீனிக்கு நடுராத்திரியில் மணி அடிக்கும். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் விழுங்கினால் சில வகை உணரிகள் சீனியைக் கூட்டிக் காட்டும்.

பினாங்கின் புழுக்கத்தில் பெரிய பகை வியர்வை. நம் வீட்டில் அதற்குத் துணைபோவது எண்ணெய். எண்ணெய்க் குளியல் நாளில் ஒட்டினால் வில்லை நிற்காது. சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து, தோல் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை ஏறுகிறவர்கள் மேலே ஒரு கூடுதல் பிளாஸ்திரி போட்டுக்கொண்டால் நல்லது. மாற்று உணரிகளை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப் போகும்போது, அணிந்து எடுக்கலாம் என்று அந்த வகைக்குரிய கையேடு சொல்லாவிட்டால் கழற்றிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பம் எண்ணிலேயே இருக்கிறது. மலேசியாவில் 7 என்றால் தமிழ்நாட்டில் அது 126. இங்கே மில்லிமோல், அங்கே மில்லிகிராம். இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும். சென்னையிலிருந்து மாமா தொலைபேசியில் “எனக்கு 140தான்” என்று சொன்னால் இங்கே அத்தை பதற வேண்டியதில்லை. அவர் சொல்வது 7.8.

துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவிக்கொண்டு போய் விற்ற சோறுதான் நாசி கண்டார். மூட்டை சுமந்தவன் அதைச் சாப்பிட்டான், சுமந்தே செரித்தான். இன்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் அதே தட்டைச் சாப்பிட்டு, மேலே ஒரு தே தாரிக்கும் குடித்தால், கைப்பேசியில் கோடு மலையேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கோடு பல பேருக்குப் பாடம் சொல்லியிருக்கிறது. காய்கறியும் மீனும் முதலில், சோறு கடைசியில், அதுவும் பாதி, பிறகு பத்து நிமிட நடை என்று மாற்றினால் மலை மேடாகிவிடுகிறது. மருத்துவர் பத்து வருடமாகச் சொன்னதை அந்தக் கோடு பத்து நாளில் புரியவைத்துவிடும்.

எண்ணும் மனிதரும்

ஆனால் அந்தக் கோடே சில வீடுகளில் சாட்டையாகிவிடுகிறது. மகன் அலுவலகத்திலிருந்து அப்பாவின் எண்ணைப் பார்க்கிறான். “என்னப்பா, இப்ப என்ன சாப்பிட்டீங்க?” என்று உடனே போன் வருகிறது. அன்பால்தான் கேட்கிறான். கேட்கிறவருக்கோ குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருக்கிறது. சிலர் வில்லையைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். சீனி ஏறுவதற்குச் சோறு மட்டும் காரணமில்லை. தூக்கமின்மை, காய்ச்சல், மனக்கவலை எல்லாம் ஏற்றும். சாப்பிட்டதும் ஏறி இறங்குவது ஆரோக்கியமானவருக்கும் உண்டு. மருத்துவ உலகம் 2019இல் வகுத்த பொது இலக்கே, நாளில் 70 விழுக்காடு நேரம் 3.9க்கும் 10க்கும் இடையில் இருந்தால் போதும் என்பதுதான். முதியவர்களுக்கு அதிலும் தளர்வு உண்டு. நூற்றுக்கு நூறு யாரிடமும் கேட்கப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான தொல்லை விலை. இரண்டு வாரத்தில் குப்பைக்குப் போகும் வில்லைக்குப் பெரும்பாலானோர் சொந்தப் பணத்தைத்தான் கொடுக்கிறார்கள். மாதம் முழுதும் அணிய முடியாதவர்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டு, தங்கள் உடம்பின் போக்கைப் படித்து, மற்ற நாளில் விரல் ஊசியோடு நடத்துகிறார்கள். அதுவும் நல்ல வழிதான். இன்சுலின் போடுகிறவர்கள், தாழ்சீனியில் மயங்குகிறவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இது ஆடம்பரம் அல்ல. அவர்களுக்காவது அரசாங்க கிளினிக்கில் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஒரு காலத்தில் கருவி மருத்துவரின் மேசையில் பூட்டிக் கிடந்தது. நோயாளிக்குப் புரியாது என்றார்கள். இன்று பூட்டு திறந்துவிட்டது. இப்போது குறுக்கே நிற்பது விலைச் சீட்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கள் பாட்டன்மார் கரும்பு வெட்டிய மண்ணில் செய்யப்படும் ஒரு பொருள், பாலத்துக்கு இந்தப் பக்கம் அது தேவைப்படுகிற ஏழைத் தமிழனின் கைக்கும் வந்து சேரும் நாளில்தான் இந்த வரலாறு நிறைவு பெறும்.